ஆனந்தரங்கரின் நாட்குறிப்பும் நம் மனச்சான்றும்

மந்தைவெளியிலும் சாந்தோமிலும் வாழும் கத்தோலிக்கருக்குக் கிபிள் தீவு என்றதும் கல்லறைத் தோட்டமே நினைவுக்கு வரும். நவம்பர் 2-ஆம் நாள் மெழுகுதிரியும் மலரும் ஏந்தி நாம் செல்லும் இடம் அது. அந்த அடையாற்றுக் கரையில்தான் 1746-ஆம் ஆண்டு பிரெஞ்சுப் படையும், ஆற்காட்டு நவாபின் மகன் மாபூஸ்கானின் படையும் மோதின. பன்மடங்கு பெரிய நவாபின் படை, சில நூறு பிரெஞ்சு வீரர்களுக்கும் அவர்கள் பழக்கிய சிப்பாய்களுக்கும் முன் நிற்கமாட்டாமல் சிதறியது. இப்போரை வரலாற்று நூல்கள் விரிவாகவே பேசுகின்றன. ஆயின், அக்கொந்தளிப்புக்கு நடுவே வாழ்ந்த ஒரு தமிழர் எதற்கு அஞ்சினார், எதற்காக வருந்தினார் என்பதை அறிய வேண்டுமானால், ஆனந்தரங்கப் பிள்ளையின் ‘தினப்படி சேதிக் குறிப்பை’த்தான் நாடவேண்டும்.

1709-இல் சென்னைப் பெரம்பூரில் பிறந்து, புதுச்சேரியில் வணிகராக உயர்ந்து, ஆளுநர் துய்ப்ளேயின் தலைமைத் துபாஷாக விளங்கியவர் பிள்ளை. 1736 முதல் 1761 வரை எழுதினார். ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்தபோது, 1761 ஜனவரியில் மறைந்தார். அதே மாதத்தில் நகரமும் வீழ்ந்தது. தன்வரலாற்று இலக்கியத்தின் தந்தை எனப் போற்றப்படும் புனித அகுஸ்தீனாரும் 430-இல், வாண்டலர் சூழ்ந்து நின்ற ஹிப்போ நகரில்தான் உயிர் துறந்தார். சாவின் சூழல் ஒத்திருப்பினும் எழுத்தின் இயல்பு வேறு. அகுஸ்தீனார் இறைவன் திருமுன் தம் உள்ளத்தைத் திறந்து வைத்தார். பிள்ளையோ கப்பல் வரவையும், துணி வணிகத்தையும், பீரங்கி முழக்கத்தையும், நாள் கோள் பலன்களையும் வரிசையாகக் குறித்தார். இலக்கியம் படைக்கும் எண்ணம் அவருக்கு இல்லை. பாரசீகமும் தெலுங்கும் பிரெஞ்சும் கலந்த பேச்சு நடையிலேயே எழுதினார். ஆயினும், பிறரிடம் சொல்ல முடியாத துயரம் நேர்ந்த நாள்களில், அக்கணக்கு நடைக்குள்ளிருந்து ஒரு மனிதரின் குரல் எழுகிறது.

அத்தகைய நாள்களுள் சில நம்மோடு தொடர்புடையவை. பிள்ளைக்கு முன் தலைமைத் துபாஷாக இருந்த கனகராய முதலியார் கத்தோலிக்கர். 1745-இல் உழவர்கரையில் அவர் எழுப்பிய ஆலயத்தின் விழாவையும், எல்லாச் சாதியாருக்கும் அளித்த விருந்தையும் பிள்ளை வருணிக்கிறார். அதே ஆண்டின் வேறொரு குறிப்பு, புதுச்சேரி ஆலயத்துக்குள் ஒடுக்கப்பட்ட கிறிஸ்தவர்களைப் பிரித்து வைத்த ஒரு சுவரைப் பற்றியது. தாங்களும் சமமான சீடர்கள் அல்லவா என்று அம்மக்கள் முறையிட்டதையும், குரு அச்சுவரை இடிக்கச் செய்ததையும், சாதிக் கிறிஸ்தவர்கள் கொதித்தெழுந்ததையும் எழுதியவர், ஆலயத்துக்கு வெளியே நின்ற இந்து ஒருவர்.

1748 செப்டம்பர் மாதக் குறிப்புகள் இன்னும் கடுமையானவை. ஆங்கிலேயர் நகரை முற்றுகையிட்ட வேளையில், இயேசு சபையாரின் புனித பவுல் ஆலயத்தை அடுத்திருந்த வேதபுரீசுவரர் கோவில், துய்ப்ளேயின் ஆணைப்படி இடிக்கப்பட்டது. பிள்ளை அந்த ஆளுநரின் ஊழியர். தடுக்க அவரால் இயலவில்லை. வீடு திரும்பி எழுதினார். இந்துக்களின் துயரத்தைச் சொல்ல வார்த்தை இல்லை என்று கலங்கும் அவர், குருக்களும் தமிழ்க் கிறிஸ்தவர்களும் மகிழ்ந்தார்கள் என்பதையும் மறைக்கவில்லை. இடிப்பில் முன்நின்றவராக அவர் சுட்டும் துறவி கேர்தூ, பின்னாளில், 1767-இல், வடமொழிக்கும் இலத்தீன், கிரேக்க மொழிகளுக்கும் உள்ள உறவைப் பிரெஞ்சு அறிஞர்களுக்கு எடுத்துரைத்தவர். ஒரு நாட்டின் மொழியைக் கற்றவருக்கு அந்நாட்டாரின் வேதனை விளங்காமற் போயிற்று.

பிள்ளையின் சொல் அனைத்தையும் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. தம் அறிவுரை தவறியதாக அவர் எழுதுவது அரிது. துபாஷ் பதவிப் போட்டியில் குருக்களும் துய்ப்ளேயின் மனைவியும் தமக்கு எதிராக நின்ற கசப்பு அவர் எழுத்தில் படிந்துள்ளது. செல்வரின் பார்வையில் ஏழைகள் தொலைவிலேயே நிற்கின்றனர். பிரபஞ்சன் ‘மானுடம் வெல்லும்’, ‘வானம் வசப்படும்’ என்னும் புதினங்களில் இந்நாட்குறிப்புக் காலத்துக்குப் புத்துயிர் ஊட்டினார். இரண்டாவது நூல் 1995-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. குறை பல இருந்தும், அன்றைய கிறிஸ்தவர்களை அயலார் கண்ணால் நமக்குக் காட்டும் பயன் மூலநூலுக்கே உரியது.

2000-ஆம் ஆண்டு மார்ச் 12 அன்று, திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், திருச்சபையின் மக்கள் கடந்த காலத்தில் இழைத்த தவறுகளுக்காக இறைவனிடம் மன்னிப்பு வேண்டினார். நினைவைத் தூய்மைப்படுத்துதல் என்று அவர் அழைத்த அப்பணிக்கு, தமிழகத் திருச்சபைக்குக் கிடைத்துள்ள சான்றேடுகளுள் இது முதன்மையானது. நம்மால் வருந்தியவரே எழுதி வைத்துச் சென்றது அல்லவா?

நம் பங்குகளின் பொன்விழா, நூற்றாண்டு விழா மலர்களைப் புரட்டிப் பாருங்கள். பங்குத் தந்தையரின் பெயர்ப் பட்டியல், கோபுரம் எழுந்த ஆண்டு, நன்கொடை விவரம் ஆகியவை தவறாமல் இருக்கும். 1942-இல் குண்டுவீச்சுக்கு அஞ்சிச் சென்னை காலியானபோது நம் குடும்பங்கள் எங்கே சென்றன, 1983-க்குப் பின் ஈழத்திலிருந்து வந்தவர்களை நாம் எப்படி வரவேற்றோம், ஆலயத்தில் யார் எங்கே அமர அனுமதித்தோம் என்பனவற்றுக்கு அங்கே இடமிருப்பதில்லை. இவற்றை அறிந்த முதியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் கையில் ஓர் ஏட்டைக் கொடுத்து, நமக்கு உவப்பானதை மட்டுமன்றி உறுத்துவதையும் எழுதச் சொல்லுவோம்.