கரை எதுவரை?

உல்லாசக் கப்பலில் போகிறவர் துறைமுகத்தில் இறங்கும்போது கடவுச்சீட்டைக் கையோடு கொண்டுபோக வேண்டுமா, அறைப் பெட்டகத்தில் பூட்டிவிட்டு இறங்க வேண்டுமா? இதில் இரண்டு கட்சிகள் உண்டு. நடுவே நகல் கட்சி என்று மூன்றாவதொன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மூன்றின் வாதங்களும் பயணிகள் அறிந்தவை. அவற்றின் தர்க்கம் எங்கே தாங்குகிறது, எங்கே இற்றுப்போகிறது என்பதே இங்கு என் அக்கறை.

இதை நாவுலயில் இருந்துகொண்டு எழுதுகிறேன். பக்கத்திலுள்ள நாலந்தாவைத் தீவின் நடுப்புள்ளி என்று சொல்லிக்கொள்வதுண்டு. எந்தத் திசையில் போனாலும் கடலைக் காண அரைநாள் பஸ்ஸில் கழியும். கப்பல் விவகாரத்தில் தீர்ப்புச் சொல்ல இதைவிடப் பொருத்தமில்லாத ஊர் கிடையாது என்று தோன்றலாம். எனக்கோ இதைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது என்றே படுகிறது. இலங்கையில் கப்பலைவிட்டு இறங்குகிறவர்கள் கரையில் நிற்பதில்லை. தீவின் நடுவுக்கு வந்துவிடுகிறார்கள்.

2023 ஜூன் 5ஆம் திகதி சென்னையிலிருந்து கிளம்பிய கொர்டேலியா நிறுவனத்தின் எம்பிரஸ் கப்பல், அந்தப் பருவத்தில் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய துறைகளைத் தொட்டது. ஐரோப்பியக் கப்பல்கள் கொழும்புக்கு வருவது அதற்கு மிகவும் முந்திய வழக்கம். துறை எதுவானாலும் பலருக்குக் கண் சிகிரியாவிலும் தம்புள்ளையிலும் கண்டியிலும்தான். கண்டியையும் தம்புள்ளையையும் இணைக்கும் ஏ9 பாதையில் இருக்கிறது நாவுல. இங்கிருந்து திருகோணமலை சுமார் 130 கிலோமீற்றர். கொழும்பு ஏறத்தாழ 165. ‘கரை’ என்று அறிவுரைக்காரர்கள் குறிப்பிடும் இடம் இதுவரை நீள்கிறது.

சில மாதங்களுக்கு முன் இங்குள்ள ஒரு தேநீர்க் கடை வாசலில் வேனொன்று டயர் பஞ்சராகி நின்றது. சாரதி ஜாக்கியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, சென்னைத் தம்பதி ஒன்று நிழலில் நின்று பிளேன்டீ குடித்தது. வேன் கப்பல் ஏற்பாடு அல்ல, அவர்களே பிடித்தது. கணவரின் கழுத்தில் நாடாவில் ஒரு பிளாஸ்டிக் அட்டை தொங்கியது. கடவுச்சீட்டு எங்கே என்று கேட்டேன். “கப்பல்லயே இருக்கு சார், இந்தக் கார்டு போதும்னு சொல்லிட்டாங்க” என்றார். அட்டையை வாங்கிப் பார்த்தேன். பெயர், கப்பலின் பெயர், பயணத் திகதி, ஆபத்து வேளையில் கூட வேண்டிய இடத்தைக் குறிக்கும் ஓர் எழுத்து. அவ்வளவுதான். புகைப்படம் இல்லை, அது கப்பல் வாசலிலுள்ள கணினித் திரையில்தான் தோன்றும். அறை இலக்கமும் இல்லை. அட்டை தொலைந்தால் எடுத்தவன் அறையைத் தேடிப்போகக் கூடாதென்ற முன்யோசனை. எந்த நாட்டவர் என்பதும் இல்லை. கப்பல் வாசலில் சர்வ அதிகாரம் படைத்த அந்த அட்டை நாவுலயில் ஒரு பிளாஸ்டிக் துண்டு. மணி ஒன்றைத் தாண்டியிருந்தது. மாலை ஐந்தரைக்குள் திருகோணமலையில் கப்பலேற வேண்டும்.

‘கொண்டுபோ’ என்னும் கட்சியை முதலில் எடுப்போம். மிக மோசமான நிலையிலிருந்து சிந்தனையைத் தொடங்குவது இதன் பலம். கப்பல் போய்விட்டால் என்ன செய்வாய் என்ற கேள்வியை அது தயங்காமல் கேட்கிறது. அதற்கு அது அடிக்கடி காட்டும் சான்று 2024 மார்ச் மாத இறுதியில் ஆபிரிக்கக் கரையோரத்தில் நடந்தது. நோர்வீஜியன் டோன் என்ற கப்பலின் பயணிகள் எட்டுப் பேர், ஆறு அமெரிக்கரும் இரண்டு அவுஸ்திரேலியரும், சாவோ தோமே தீவில் தாங்களாகவே ஏற்பாடு செய்த சுற்றுலாவுக்குப் போய் நேரம் பிந்தித் திரும்பினார்கள். கரையோரக் காவல் படகில் கப்பலருகே கொண்டுபோய் விடப்பட்டும் ஏற்றிக்கொள்ளப்படவில்லை. நாடு நாடாகத் துரத்திப்போய், செனகலின் டாக்கர் துறைமுகத்தில்தான் மறுபடி கப்பலேறினார்கள்.

கதை உருக்கமானது. ஆனால் சான்றாக எடுத்தால் அது இந்தக் கட்சிக்கே எதிராகத் திரும்புகிறது. பயணிகள் வந்து சேரவில்லை என்றதும் கப்பல்காரர்கள் அவர்களுடைய கடவுச்சீட்டுகளை எடுத்து உள்ளூர்த் துறைமுக முகவரிடம் ஒப்படைத்துவிட்டார்கள். நிறுவனமே அதை வழமையான நடைமுறை என்றது. ஆக அவர்களைத் தவிக்கவிட்டது கடவுச்சீட்டு இல்லாமை அல்ல, பிந்தி வந்தது. அது சட்டைப்பையில் இருந்திருந்தாலும் அதே நாடுகளை அதே அலைச்சலோடுதான் கடந்திருப்பார்கள். தன் முதன்மைச் சான்றைச் சரியாக வாசிக்காத கட்சி என்ற குறை இதற்கு நிலையாகவே உண்டு.

இன்னொரு குறையும் சின்னதல்ல. கையில் வைத்திருப்பதன் ஆபத்தை இது எடைபோடுவதே இல்லை. சிகிரியாவில் ஆயிரத்துக்கு மேற்பட்ட படிகள். வியர்வையில் நனையும் சட்டைப்பையில் கடவுச்சீட்டு என்ன கதியாகும் என்று ஏறியவர்களுக்குத் தெரியும். தம்புள்ளைக் குரங்குகள் பைக்குள் இருப்பது வாழைப்பழமா ஆவணமா என்று பிரித்துப் பார்த்துப் பறிப்பதில்லை. தொலைந்தால் பொலிஸில் முறைப்பாடு, பிறகு தூதரகம். இந்தியருக்குக் கிடைப்பது பெரும்பாலும் அவசரச் சான்றிதழ். இந்தியாவுக்கு ஒருவழியாகத் திரும்ப மட்டுமே அது செல்லும். நாவுலயிலிருந்து மிக அருகிலுள்ளது கண்டியிலுள்ள இந்திய உதவி உயர்ஸ்தானிகராலயம், ஏறத்தாழ 50 கிலோமீற்றர். அதுவும் கப்பல் நிற்கும் திசைக்கு நேர் எதிரே.

‘வைத்துவிட்டுப் போ’ கட்சி முறைமையில் மேலானது. நடக்கக்கூடியதையும் நடந்தால் வரும் இழப்பையும் அது தனித்தனியே நிறுக்கிறது. கப்பலைத் தவறவிடுகிறவர் மிகச் சிலர். பையையோ பணப்பையையோ தவறவிடுகிறவர் அதைவிடப் பலர். கப்பலைத் தவறவிட்டவருக்கு முகவர் வழியாக ஆவணம் வந்து சேரும். தொலைத்தவருக்கு எதுவும் வந்து சேராது. இந்த வாதத்தில் பிசிறு இல்லை. இதற்குச் சட்டப் பின்புலமும் உண்டு. 1965இல் லண்டனில் உருவான கடல் போக்குவரத்தை இலகுபடுத்தும் உடன்படிக்கை, 72 மணித்தியாலத்துக்குக் குறைவாகத் துறையில் நிற்கும் உல்லாசக் கப்பலின் பயணிகளிடம், விசேட சூழ்நிலைகளைத் தவிர, விசா கேட்கலாகாது என்கிறது. நாட்டுக்கு நாடு நடைமுறை மாறினாலும் உள்ளே ஓடும் எண்ணம் ஒன்றுதான்: பயணியைத் தனியாளாக அல்ல, கப்பலின் ஒரு பகுதியாகவே நாடு உள்ளே விடுகிறது.

இந்தக் கட்சியின் பலவீனமும் அங்கேயே பதுங்கியிருக்கிறது. கப்பல் நங்கூரத்தைத் தூக்கிய கணத்தில் பயணி தனியாளாகிவிடுகிறார். அந்தக் கணத்தில் அவர் எங்கே நிற்கிறார் என்பதை இது கேட்பதில்லை. துறைமுக வாசலுக்கு வெளியே நிற்கிறார் என்று தானே எடுத்துக்கொள்கிறது. சாவோ தோமேயில் அந்த ஊகம் பலித்தது. அந்தத் தீவின் பரப்பு ஆயிரம் சதுரக் கிலோமீற்றருக்கும் குறைவு. முகவரின் அலுவலகம் எப்படியும் பக்கத்தில்தான். இலங்கையின் பரப்பு 65,610 சதுரக் கிலோமீற்றர். அங்கே சரியாக வந்த கணக்கை இங்கே அப்படியே பெயர்த்து வைப்பது, குளத்து ஓடத்தைக் கடலில் விடுகிற வேலை.

இந்தப் பாதைகளில் பிந்துவதற்குக் காரணம் தேடி அலைய வேண்டியதில்லை. தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்துக்கு வரும் மரக்கறி லொறிகள் பாதையை அடைத்து நிற்கும். ஹபரணைக்கு அப்பால் மாலையில் யானை குறுக்கே நின்றால் அதுவாகப் போகும்வரை காத்திருப்பதைத் தவிர வழியில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் அடித்தபோது மலைநாட்டுப் பாதைகள் மண்சரிவால் துண்டாகின. வெளிநாட்டவர் உள்ளூரார் என்ற பேதமில்லாமல் மக்கள் நின்ற இடத்திலேயே நின்றார்கள். அப்படி ஓரிரவு உள்நாட்டில் தங்க நேர்ந்தால் விடுதியில் கடவுச்சீட்டைக் கேட்பார்கள். காசு மாற்றப் போனால் கேட்பார்கள். வெளிநாட்டவர் சிம் வாங்கப் போனாலும் கேட்பார்கள். முகவரிடம் அது பத்திரமாக இருக்கிறது என்ற உண்மை அந்த நேரத்தில் 130 கிலோமீற்றர் தள்ளி இருக்கும் உண்மை.

நகல் கட்சியைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. தொலைந்த மூலத்தை மறுபடி பெற நகல் பேருதவி செய்யும். இலக்கம், வழங்கிய திகதி எல்லாம் கையிலிருந்தால் தூதரகத்தில் பாதி வேலை முடிந்தது. ஆனால் விமான நிலையத்திலோ குடிவரவு மேசையிலோ அது ஒன்றுக்கும் ஆகாது. உரை மூலத்துக்கு விளக்கம் தரலாம். மூலமே இல்லாத இடத்தில் உரை மட்டும் இருந்து என்ன பயன்?

மூன்று கட்சிகளுமே காணாத சில்லறைக் காரியம் ஒன்று உண்டு. சிகிரியாவில் சார்க் நாட்டவருக்கு நுழைவுக் கட்டணம் மற்ற வெளிநாட்டவருக்குரியதில் ஏறத்தாழப் பாதி. அந்தச் சலுகைக்கு எந்த நாட்டவர் என்று காட்டியாக வேண்டும். கப்பல் அட்டை அதைச் சொல்லாது. இந்தியக் குடும்பம் ஒன்றுக்கு இது கையில் நிற்கும் காசு. இதை வைத்துத் தீர்ப்பை முடிவுசெய்ய மாட்டேன். என்றாலும் அறிவுரைகள் யாரை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை என்பதை இது காட்டிக்கொடுக்கிறது.

என் சாய்வையும் வெளிப்படையாக வைத்துவிட வேண்டும். இந்தத் தீவில் தமிழ் பேசி வளர்ந்தவர்களின் வீட்டில் படலையைத் தாண்டுமுன் கேட்கும் குரல் ஒன்று உண்டு: “ஐ.சி. எடுத்தியா?” 1968ஆம் ஆண்டு 32ஆம் இலக்க ஆட்பதிவுச் சட்டத்தின்கீழ் வந்த அந்த அடையாள அட்டை இல்லாமல் கடைக்குக்கூடப் போகப் பயந்த காலம் இருந்தது. இதே ஏ9 பாதையில் வடக்கே ஓமந்தையில் சோதனைச்சாவடி பல ஆண்டுகள் நின்றது. மாத்தளைத் தோட்டங்களில் ‘பாஸ்போட்டு’ என்ற சொல்லுக்கு இன்னொரு கனம். 1964 ஒக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் இந்திய வம்சாவளித் தமிழர் 5,25,000 பேரை இந்தியாவின் கணக்கில் எழுதியபின், அந்தப் புத்தகம் கைக்கு வருவதென்றால் தலைமன்னாருக்கு ரயிலேறி ராமானுஜம் கப்பலில் ராமேஸ்வரம் போய் இறங்குவது என்று அர்த்தம். இந்த நினைவுகளோடு வளர்ந்தவன் ‘கொண்டுபோ’ என்றே சொல்லத் துடிப்பான். ஆனால் ஒரு மக்கள் கூட்டத்துக்கும் அதை ஆளும் அரசுக்கும் இடையிலான வழக்கை ஒருநாள் சுற்றுலாப் பயணியின் வழக்கில் சாட்சியாக நிறுத்த முடியாது. ஆகவே இதை ஒதுக்கிவைத்துவிட்டே தராசைப் பிடிக்கிறேன்.

கப்பல் நிறுவனம் கடவுச்சீட்டுகளை வாங்கி வைத்துக்கொண்டாலோ, கரையில் அதை வைத்திருக்க வேண்டுமென நாட்டின் அதிகாரிகள் சொன்னாலோ, வழக்கே எழாது. எழும் இடங்களில் இரண்டு கேள்விகள் போதும். வாகனம் யாருடையது? துறைக்குத் திரும்ப எவ்வளவு நேரம்?

கப்பலின் சொந்தச் சுற்றுலாவில் போகிறவருக்காகக் கப்பல் காத்திருப்பதும், முடியாதபோது அடுத்த துறைக்குக் கொண்டுசேர்ப்பதும் பொது வழக்கு. அவர் கடவுச்சீட்டைப் பெட்டகத்தில் வைக்கலாம். சிகிரியாவுக்கே போனாலும் நகலும் போனில் ஒரு படமும் போதும். திருகோணமலையில் கோணேசர் கோயிலையும் கடற்கரையையும் பார்த்துவிட்டு வருகிறவருக்கும் இதுவே. இந்த எல்லைக்குள் ‘வைத்துவிட்டுப் போ’ கட்சியின் வெற்றி முழுமையானது.

தானாக வேன் பிடித்து உள்நாட்டுக்கு வருகிறவருக்குத் தீர்ப்பு மாறுகிறது. துறையிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் தள்ளிப் போனால் கடவுச்சீட்டு உடன் வர வேண்டும். ‘கொண்டுபோ’ கட்சி காட்டிய காரணத்துக்காக அல்ல. கப்பலைத் தவறவிட்ட பிறகு முகவரைச் சென்றடையும்வரை உள்ள இடைவெளிக்காக. தொலைந்துபோகும் ஆபத்தைக் கொண்டுபோகும் முறையால் பெரும்பாலும் குறைக்கலாம். தூரத்தைக் குறைக்க எவராலும் ஆகாது. முறை என்று நான் சொல்வது நீர் புகாத உறையில் உடுப்புக்குள், உடம்போடு ஒட்டி. முதுகுப் பையில் வைப்பது குரங்குக்குக் கொடுப்பது. சாரதியின் பக்கத்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டு மலையேறுவது இரண்டு கட்சிகளின் குறைகளையும் சேர்த்து வாங்கிக்கொள்வது: கப்பலிலும் இல்லை, கையிலும் இல்லை.

அந்தச் சென்னைத் தம்பதியின் டயர் மாற்றி முடிந்தபோது ஒன்றே முக்கால். சாரதி கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு, தம்புள்ளை நகருக்குள் போகாமல் சுற்றிப் போகலாமா என்று கடைக்காரரிடம் சிங்களத்தில் கேட்டார். கணவர் என் கையிலிருந்த அட்டையை வாங்கித் திரும்பக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். சிகிரியாவை விட்டுவிடலாம் என்று மனைவி சொல்லிக்கொண்டிருந்தார்.