மாலை ஐந்து மணி, அக்கா, ஆயிரம் ரூபாய்

புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் மரக்காணம். அந்தப் பகுதியிலுள்ள முதலியார்குப்பத்தில்தான் 2021 அக்டோபர் 27 அன்று தமிழ்நாட்டு அரசின் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கியது. கொரோனாவில் பள்ளிகள் மூடிக்கிடந்தபோது எழுத்தும் எண்ணும் கைநழுவிப்போன பிள்ளைகளுக்கு, 1 முதல் 8ஆம் வகுப்பு வரை, அவர்கள் வசிக்கும் இடத்திலேயே மாலை வகுப்பு. 5 மணிக்கும் 7 மணிக்கும் இடையே ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம். ஆறு மாதத்துக்கென்று தொடங்கி, பிறகு நீட்டிக்கப்பட்டது. தன்னார்வலர்களாக இருந்தவர்கள் சுமார் 2 லட்சம் பேர், பெரும்பாலோர் பெண்கள். மாத ஊக்கத்தொகையாக 1000 ரூபாய் கொடுக்கப்பட்டது.

திட்டத்தின் பயனை மறுப்பதற்கில்லை. அமெரிக்காவில் 1904இல் வேர்விட்ட 'பிக் பிரதர்ஸ் பிக் சிஸ்டர்ஸ்' போன்ற அமைப்புகள், முன்பின் தெரியாத ஒரு பெரியவரைத் தேர்ந்தெடுத்துக் குழந்தையோடு இணைக்கின்றன. உறவை அங்கே புதிதாக உண்டாக்க வேண்டும். இங்கே பாடம் சொல்பவர் ஏற்கெனவே 'அக்கா'. எந்தப் பிள்ளை சாப்பிடாமல் வந்திருக்கிறது, எந்த வீட்டில் நேற்றிரவு சண்டை என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். பள்ளியில் வாய் திறக்காத பிள்ளை திண்ணையில் பேசுவது இதனால்தான்.

அந்த அறிவுக்கு என்ன விலை? மாதம் 20 நாள், நாளுக்கு ஒன்றரை மணி என்று வைத்தால் 30 மணி நேரம். மணிக்கு 33 ரூபாய். பிள்ளைகளை வீடுவீடாகப் போய் அழைத்துவரும் நேரம் இந்தக் கணக்கில் இல்லை. கூலி என்று சொன்னால் குறைந்தபட்சக் கூலி எவ்வளவு என்ற கேள்வி வரும். 'ஊக்கத்தொகை' என்ற சொல் அந்தக் கேள்வியை வரவிடாமல் தடுக்கிறது.

'தன்னார்வம்' என்ற சொல்லையும் பிரித்துப் பார்க்கலாம். பட்டம் பெற்று, மணமாகி, வெளியூர் வேலைக்கு அனுப்பப்படாத பெண்ணுக்கு, மாமியார் வீடு தடைசொல்லாத ஒரே வேலை தெருவுக்குள் இருக்கும் வேலை. அவளுடைய ஆர்வம் உண்மையானது. ஆனால், அந்த ஆர்வத்துக்கு முன்னால் எத்தனை கதவுகள் மூடியிருந்தன என்பதை அந்தச் சொல் கேட்பதில்லை.

இது புதிய தந்திரமுமல்ல. 1975இல் ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் வந்தபோதே அங்கன்வாடிப் பெண்களைக் 'கௌரவ ஊழியர்' என்றார்கள். கௌரவம் கொடுத்துவிட்டதால் ஊதியம் வேண்டியதில்லை! அவர்களுக்குப் பணிக்கொடை உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொல்ல 2022 ஆனது. 47 ஆண்டுகள்.

அறிவொளி இயக்கத்தில் கூலியே இல்லையே என்று சிலர் கேட்கக்கூடும். 1990களின் தொடக்கத்தில் அந்த இயக்கம் பெண்களை வீட்டுக்கு வெளியே அழைத்தது. புதுக்கோட்டையில் ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். கற்றுக்கொடுத்தவளின் உலகமும் அதில் விரிந்தது. மாலை வகுப்பை எடைபோடவும் இதே அளவுகோல் போதும்: பிள்ளைக்கு வாசிக்க வந்ததா என்பதோடு, அக்கா அங்கிருந்து எங்கே போக முடிந்தது?

இன்னொருத்தியும் இருக்கிறாள், வகுப்புக்கு வராதவள். மாலை ஐந்து மணி என்பது தண்ணீர் பிடிக்கும் நேரம், தம்பியைப் பார்த்துக்கொள்ளும் நேரம், அம்மா வேலையிலிருந்து திரும்பும் முன் உலை வைக்கும் நேரம். பன்னிரண்டு வயதுச் சிறுமியின் மாலை ஏற்கெனவே வேலையால் நிரம்பியிருக்கிறது. தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வரலாம் என்று சொல்லாத வகுப்பு அவளுக்கானதல்ல. வருகைப் பதிவேட்டில் அவள் 'வரவில்லை' என்று மட்டுமே இருப்பாள்.

இந்த அக்காவும் இந்தச் சிறுமியும் இரண்டு பேரல்ல. பத்தாண்டு இடைவெளியில் நிற்கும் ஒருத்திதான். இளையவளின் மாலையை வீடு இலவசமாக எடுத்துக்கொள்கிறது, மூத்தவளின் மாலையை அரசு மலிவாக எடுத்துக்கொள்கிறது. புதுவையிலோ வேறெங்கோ நாளை இப்படியொரு திட்டம் வரும்போது நாம் கேட்க வேண்டியவை எளியவை: பணி என்ற பெயர், அதற்கேற்ற ஊதியம், ஆசிரியர் வேலைக்குக் கணக்கில் வரும் அனுபவச் சான்று, தம்பி தங்கையோடு வரும் சிறுமிக்கும் ஒரு பாய். அன்பைத் திட்டத்தில் எழுத வேண்டாம், அதை அக்காக்கள் பார்த்துக்கொள்வார்கள். ஊதியத்தை எழுதுங்கள்.