நின்ற இடத்தில் நிற்கும் தகடு

லேசர் ஒளியைக் கூட்டிக் குறைக்க, ஒலியலையால் ஒளியைத் திருப்பிவிடும் ஏஓஎம்தான் உசத்தி என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. மைக்ரோ விநாடியில் கற்றையை வெட்ட அது நல்ல வழிதான். ஆனால் காலையில் வைத்த அளவு மாலைவரை மாறாமல் இருக்கவேண்டிய வேலைக்கு என் ஓட்டு பழைய ஏற்பாட்டுக்குத்தான்: ஸ்டெப்பர் மோட்டாரில் திரும்பும் அரை அலைத் தகடு, அதன் பின்னால் ஒரு போலரைசிங் கியூப்.

எந்த மோட்டாரும் தகட்டைத் திருப்பிவிடும். நிறுத்தினால் நிற்கிறதா என்பதில்தான் செய்தவனின் கை தெரியும். வழக்கமான ஸ்டெப்பருக்கு ஒரு சுற்றுக்கு 200 படி, படிக்கு 1.8 டிகிரி. முழு ஒளியிலிருந்து இருட்டுக்குப் போக 45 டிகிரி போதும். ஆக, கையில் இருப்பது 25 படிதான். உச்சியிலும் அடியிலும் பாதகமில்லை. நடுச்சரிவில் ஒரே படிக்கு ஆறு சதவீத ஒளி தாவுகிறது.

மைக்ரோஸ்டெப் இருக்கிறதே என்பார்கள். அழகாகத்தான் நகரும். மோட்டார் சூடு மேசைக்கு ஏறக்கூடாதென்று மின்சாரத்தை நிறுத்திப் பாருங்கள்: ரோட்டர் பக்கத்து முழுப்படியில் போய் உட்கார்ந்துகொள்ளும். 20 பல் புல்லியிலிருந்து 80 பல் புல்லிக்கு ஒரு பெல்ட், முழுப்படி ஓட்டம், பிறகு மின்சாரத்தை நிறுத்திவிடுவது, இதுதான் என் கட்சி. படிக்கு ஒன்றரை சதவீதம்; மின்சாரம் இல்லாமலே நிற்கும். பெல்ட்டுக்குப் பதில் கியர் வைத்தால் பல்லிடுக்கு ஆட்டம் உண்டு. எப்போதும் ஒரே பக்கமிருந்து வந்து நிறுத்தும் ஒழுக்கம் இருந்தால் அதையும் சகித்துக்கொள்ளலாம்.

தகடு உட்காரும் பேரிங் வீட்டைக் கடைந்து வாங்க, சாந்த்ராகாச்சியில் இருப்பவனுக்கு ஹவுரா பெலிலியஸ் ரோடு லேத்துப் பட்டறைகள் கிட்டத்தில்தான். வாங்கியதும் கற்றையை எதிர்ச்சுவரில் விழவைத்துத் தகட்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பேன். புள்ளி வட்டம் போட்டால் தகடே ஆப்பு வடிவம். லேத்துக்காரரைத் திட்டிப் பயனில்லை. புள்ளி அசையாமல் ஒளியளவு மட்டும் கால் சுற்றுக்குக் கால் சுற்று ஒத்துவராவிட்டால், தகடு சாய்ந்து உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும்.

ஒளியளவை இப்படி அடக்குவது கல்கத்தாப் பக்கத்துக்குப் புதிதுமல்ல. ஜகதீஷ் சந்திர போஸ் 1890களில் மில்லிமீட்டர் அலைகளை அடக்கியது, இரு பட்டகங்களுக்கு நடுவே காற்றிடைவெளியைக் கூட்டிக் குறைத்துத்தான். முறுக்கிய சணலை வைத்து அலையின் தளத்தையே திருப்பிக் காட்டியவர் அவர். 1934இல் கல்கத்தாவில் பிறந்த நம் ஒளியியல் விஞ்ஞானி பஞ்சரத்தினம், 1955இல் பெங்களூரில், மூன்று தகடுகளைக் கணக்கான கோணங்களில் அடுக்கி நிறத்துக்கு நிறம் மாறாத அலைத் தகட்டுக்கு வழி சொன்னார். ஒளியின் வடிவியல் கட்டம் பற்றி அவர் அடுத்த ஆண்டு எழுதிய கட்டுரையைத்தான் எல்லோரும் கொண்டாடுகிறார்கள். எனக்கு அந்த மூன்று தகடுகள் போதும். 35 வயதில் போய்விட்டார்.

இப்போது பேரிங் வீட்டையும் பிளாஸ்டிக்கில் அச்சடித்துவிடுகிறார்கள். சூடான ஸ்டெப்பரை ஒட்டியே அதைப் பொருத்தினால் ஒரு கோடைக்குள் தகடு சாய்கிறது. மாணவர்கள் மென்பொருளில் திருத்த எண்ணைத் தேடுகிறார்கள். லேத்து மிஸ்திரி முதலில் கேட்பதே எத்தனை மைக்ரான் விலகலாம் என்றுதான். அதற்குப் பதில் வைத்திருக்கும் மாணவர்கள் குறைந்துவிட்டார்கள்.