மயாமி கூலிக் கணக்கு

வெளியிலிருந்து ஆள் வந்தால் உள்ளூர் ஏழையின் கூலி குறையும் என்பது கேட்டவுடனே சரின்னு படும். 1980-ல் இதைச் சோதிக்க ஒரு வாய்ப்பு வந்தது. கியூபாவின் மரியேல் துறைமுகத்திலிருந்து சில மாதங்களில் சுமார் 1,25,000 பேர் படகுகளில் அமெரிக்கா வந்தார்கள். மயாமியில் தொழிலாளர் எண்ணிக்கை சுமார் 7 சதவீதம் கூடியது. உள்ளூர்க் கூலியில் பாதிப்பு ஏறக்குறைய இல்லை என்று 1990-ல் டேவிட் கார்டு எழுதினார்.

ஜார்ஜ் போர்ஹாஸ் பின்னாளில் இதை மறுத்தார். பள்ளிப் படிப்பை முடிக்காத, ஹிஸ்பானியர் அல்லாத ஆண்களை மட்டும் பாருங்கள், கூலி 10 முதல் 30 சதவீதம் விழுந்திருக்கிறது என்றார். கேள்வி நியாயமானதுதான். சராசரிக்குள்ள ஏழை காணாமப் போயிடுவான்.

ஆனா இப்படி வடிகட்டினா வருஷத்துக்கு மிஞ்சுறது சொற்ப ஆட்கள்தான். அதோடு, அதே சமயத்தில் அந்த சாம்பிளில் கறுப்பினத்தவரின் பங்கு கூடியதை கிளெமென்ஸும் ஹன்ட்டும் காட்டினார்கள். அவர்களுக்குக் கிடைத்த கூலி ஏற்கெனவே குறைவு. அப்போ குறைஞ்சது கூலியா, இல்ல கணக்கில் வந்த ஆட்களே மாறிட்டாங்களா?

கார்டு பார்த்ததும் ஒரே ஊரைத்தான். அதை வைத்து எங்கேயும் பாதிப்பில்லைன்னு சொல்ல முடியாது. ஆனால் இந்தச் சின்ன சாம்பிளை நம்பி, ஏழைக்காக எல்லையை மூடச் சொல்வது அதைவிடப் பெரிய தாவல்.