விருந்தாக வந்த மகன்: துர்கனேவின் ‘தந்தையரும் தனயரும்’

மாஸ்கோவில் அச்சாகி, நம் ஊர்களில் மிகக் குறைந்த விலைக்குக் கிடைத்த உருசிய நாவல்களைப் படித்து வளர்ந்தவர்கள் நாம். 1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்ததோடு அந்த வரத்தும் நின்றுபோயிற்று. ஆயினும் அன்று வாங்கிய படிகள் இன்னும் பல வீடுகளின் அலமாரிகளில் பழுப்பேறிய தாள்களோடு இருக்கின்றன. அவற்றுள் ஒன்றை, இவான் துர்கனேவ் 1862இல் வெளியிட்ட ‘தந்தையரும் தனயரும்’ நாவலை, அண்மையில் மீண்டும் படிக்க நேர்ந்தது. முதன்முறை படித்தபோது நாம் மாணவர் விடுதியில் இருந்தோம். இன்றோ நம் பிள்ளைகளே விடுதி வாழ்க்கையை முடித்துவிட்டு வெளியூர்களில் வேலை பார்க்கிறார்கள். நூல் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் அன்று எந்தப் பக்கங்களை விரைந்து புரட்டிச் சென்றோமோ, அந்தப் பக்கங்களிலேயே இப்போது கண் நின்றுவிடுகிறது.

1859ஆம் ஆண்டு மே 20ஆம் நாள், சாலையோரச் சத்திரம் ஒன்றின் வாயிலில் நிக்கலாய் கிர்சானவ் என்னும் நிலக்கிழார் தம் மகனுக்காகக் காத்திருப்பதோடு கதை தொடங்குகிறது. பண்ணையடிமை முறை ஒழிய இன்னும் இரண்டு ஆண்டுகள் இருந்த காலம் அது. பல்கலைக்கழகப் பட்டத்தோடு திரும்பும் மகன் அர்க்காதி தனியே வரவில்லை. மருத்துவம் பயிலும் பஸாரவ் என்னும் நண்பனையும் உடன் அழைத்து வருகிறான். கலை, குலப்பெருமை, மரபு, காதல் ஆகிய அனைத்தையும் தவளையை அறுப்பதுபோல அறுத்துப் பார்ப்பவன் பஸாரவ். ‘நிகிலிஸ்ட்’ என்னும் பெயரை விரும்பி ஏற்றவன். அந்தச் சொல் துர்கனேவ் படைத்ததன்று. எனினும் உலக மொழிகளிலெல்லாம் அது பரவியது இந்த நாவலால்தான்.

1840களின் மிதவாதிகளுக்கும் 1860களின் தீவிரவாதிகளுக்கும் இடையே நடந்த கருத்துப்போரே இந்நாவல் என்று இலக்கிய வரலாறுகள் கூறும். நாமும் ஒரு காலத்தில் அவ்வாறே எழுதி மதிப்பெண் பெற்றோம். அது பிழையன்று. ஆனால் நூலை உள்ளபடியே எடுத்துப் பார்த்தால், முழு அளவிலான கருத்துப்போர் ஒரு மாலைத் தேநீர் மேசையோடு முடிந்துவிடுகிறது. எஞ்சிய பக்கங்களை நிரப்புவன கைகளும் உடைகளும் உணவும் உறக்கமும் மௌனங்களுமே. முதல் சந்திப்பைப் பாருங்கள். நிக்கலாய் ஆவலோடு பற்றும் பஸாரவின் சிவந்த கை கையுறை அணியாதது, உடனே நீட்டப்படாதது. அர்க்காதியின் பெரியப்பா பாவெலோ இளஞ்சிவப்பு நகங்கள் நீண்ட தம் கையை விருந்தினனுக்கு நீட்டவே இல்லை. சட்டைப்பைக்குள் போட்டுக்கொள்கிறார். கொள்கையைப் பற்றி எவரும் வாய் திறக்கும் முன்பே இரு தலைமுறைகளும் பிரிந்துவிட்டன.

இந்த நிக்கலாய் பழைமையில் ஊறிக் கிடந்தவர் அல்லர். மகன் பீட்டர்ஸ்பர்க்கில் பயின்ற காலத்தில் மூன்று குளிர்காலங்களை அந்நகரிலேயே கழித்து, அவனுடைய தோழர்களோடு பழகிப் பார்த்தவர். காலத்தோடு ஒத்துப்போக வேண்டும் என்று இவ்வளவு பாடுபட்ட தந்தையை இலக்கியத்தில் காண்பது அரிது. அத்தகையவர் ஒருநாள் புஷ்கினைப் படித்துக்கொண்டிருக்கிறார். அர்க்காதி அருகில் வந்து, குழந்தையின் கையிலிருந்து வாங்குவதுபோல மெல்ல அந்நூலை எடுத்துவிட்டு, பூஹ்னர் என்னும் செர்மானியர் பொருளையும் ஆற்றலையும் பற்றி எழுதிய நூலை வைத்துவிட்டுப் புன்னகையோடு போய்விடுகிறான். அதில் கொடுமை இல்லை, சினங்கூட இல்லை. நம் கையிலிருந்து கைபேசியை வாங்கி ஒரு நொடியில் சரிசெய்து தரும் பிள்ளையின் முகத்திலும் அதே கனிவைத்தான் பார்க்கிறோம். நாம் வலியை உணர்வதும் அந்தக் கனிவினால்தான்.

அந்த வலியை நிக்கலாய் மகனிடம் சொல்லவில்லை. தமையன் பாவெலிடம் சொல்கிறார். சொல்லும்போது பழைய நிகழ்ச்சியொன்று அவர் நினைவுக்கு வருகிறது. இளமையில் தம் தாயோடு ஒருமுறை வாதிட்டவர், உங்களுக்கு என்னைப் புரியாது, நாம் வேறு வேறு தலைமுறையினர் என்று முகத்துக்கு நேரே கூறிவிட்டாராம். தாய் மிகவும் மனம் நொந்தார். கசப்பு மருந்தானாலும் விழுங்கத்தானே வேண்டும் என்று மகன் அன்று எண்ணிக்கொண்டார். இப்போது மருந்தைக் குடிக்கும் முறை அவருடையது. விடுதி அறையில் படித்தபோது இவ்விடத்தை நாம் கவனித்ததாகவே நினைவில்லை.

ஆயினும் நாவலின் உயிர் கிர்சானவ்களின் பண்ணையில் இல்லை. பஸாரவின் பெற்றோர் வாழும் சிறுவீட்டில் இருக்கிறது என்பதே நம் முடிபு. தந்தை வசீலி, ஓய்வுபெற்ற படை மருத்துவர். அறுபதைக் கடந்தும் தோட்டத்தில் மண் கொத்துபவர். ஊராருக்குக் கூலி வாங்காமல் மருந்து கொடுப்பவர். தாய் அரீனா சகுனங்களுக்கும் கனவுகளுக்கும் அஞ்சும் பழங்காலத்துப் பெண்மணி. மூன்று ஆண்டுகளுக்குப் பின் மகன் வருகிறான். விருந்துக்காக வேலையாள் விடியலிலேயே குதிரையேறிச் சிறப்பான மாட்டிறைச்சி தேடிப் போகிறான். மற்றொருவன் மீனுக்கும் நண்டுக்கும் வேறு திசையில் போகிறான். காளானுக்கு மட்டுமே உழவர்வீட்டுப் பெண்களுக்கு 42 கோபெக் கொடுக்கப்படுகிறது. கணக்கு இவ்வளவு துல்லியமாக எழுதப்பட்டிருப்பதற்குக் காரணம் உண்டு. அந்த வீட்டுக்கு அது பெருந்தொகை.

அழக்கூடாது, அவனுக்குப் பிடிக்காது என்று தாயை எச்சரிக்கிறார் தந்தை. அவரும் மகன் எதிரே ஆவலை அடக்கிக்கொள்கிறார். ‘விருந்தும் மருந்தும் மூன்று நாள்’ என்பது நம்மூர் வழக்கு. மகனை விருந்தாளியாக்கிவிட்ட அவ்வீட்டிலும் அக்கணக்கு தப்பவில்லை. மூன்றாம் நாளே, சலித்துப்போனது என்று பஸாரவ் புறப்பட முடிவுசெய்கிறான். அதன்பின் நடப்பதுதான் வியப்பு. எதற்கும் அஞ்சாதவன், உருசியா முழுவதையும் இடித்துத் தரைமட்டமாக்க வேண்டும் என்று அயலாரிடம் தயங்காமல் வாதிட்டவன், தான் போகப்போவதை ஒரு கிழவரிடம் சொல்ல முடியாமல் ஒரு பகல் முழுவதும் தவிக்கிறான். இரவில் விடைபெறும் வேளையில், வராத கொட்டாவியை வரவழைத்துக்கொண்டு, ஏதோ மறந்துபோன சிறு செய்தியைச் சொல்வதுபோலச் சொல்லி முடிக்கிறான். அக்கொட்டாவியை நம் வீடுகளிலும் கேட்டிருக்கிறோம். நாமும் ஒரு காலத்தில் நம் தந்தையரின் முன் அதே கொட்டாவியை விட்டிருக்கிறோம்.

இங்கே ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். தாம் உயிராய் நேசிக்கும் மகனைப் பற்றி வசீலி யாரிடம் பேசுகிறார்? காலையில் தோட்டத்துக்கு வந்த அர்க்காதியிடம், என் மகனைப் பற்றி நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்கிறார். அவன் பெரும்புகழ் பெறுவான் என்ற விடையைக் கேட்டு நெகிழ்ந்துபோகிறார். பெற்றோர்மீது அன்பு உண்டு என்பதைப் பஸாரவ் யாரிடம் ஒப்புக்கொள்கிறான்? அதே அர்க்காதியிடம்தான். இறக்கும் தறுவாயிலும், இத்தகைய மனிதரை உங்கள் பெரிய உலகில் தேடினாலும் காணமுடியாது என்னும் பொருள்படத் தன் தாய்தந்தையரைப் பற்றிக் கூறுவது, தன்னைப் பார்க்க வந்த அதின்த்சோவா சீமாட்டியிடமே. அச்சொற்களைப் பெற்றவர்கள் கேட்கவில்லை. இந்நாவலில் இரு தலைமுறைகளுக்கும் இடையே அன்பு குறைவதே இல்லை. ஆனால் அது எப்போதும் மூன்றாமவரிடமே சொல்லப்படுகிறது. அப்பாவின் செய்தி அம்மா வழியாகவே பிள்ளைக்குச் சேரும் வீடுகளில் வளர்ந்த நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. பழக்கவழக்கங்களின் வேறுபாடும் விழுமியங்களின் வேறுபாடும் மெய்யானவையே. எனினும் அவ்வேறுபாட்டைப் பிளவாக்குவது, நேரே பேச அஞ்சும் இந்த அச்சமே என்பதைத் துர்கனேவ் கண்டுகொண்டார் எனலாம்.

வயதேறியவர்கள் தம் கட்சிக்காக வாதாடுகிறார்கள் என்று இளைய வாசகர் நம்மை நகைக்கக்கூடும். நகைப்பில் நியாயமும் உண்டு. அன்பே உருவான இந்த வசீலிதான் சில நாள்களுக்கு முன் தம் குடியானவன் ஒருவனைச் சவுக்கால் அடிக்க ஆணையிட்டவர். மகன் அதைக் குத்திக்காட்டும்போது அவர் முகம் வாடுகிறது. பாவெலின் நகங்கள் நீண்டு வளர்வதற்கும் பிறர் உழைப்பே உரம். அத்தகைய ஓர் ஒழுங்கின்முன் மரியாதைச் சொல்லைத் தேடிக்கொண்டிருக்கப் பஸாரவுக்குப் பொறுமை இல்லை. நாம் அவனிடத்தில் இருந்தபோது நமக்கும் இருந்ததில்லை. ஆனால் துர்கனேவ் அவனையும் விட்டுவைக்கவில்லை. உழவரோடு பேசத் தெரிந்தவன் என்று தன்னைப் பற்றிப் பெருமை கொண்டவனை, அந்த உழவர்கள் ஏதோ கோமாளி என்றே எண்ணினர் என்று போகிற போக்கில் எழுதிவிடுகிறார்.

குறைகளும் இல்லாமல் இல்லை. பாவெலுக்கும் பஸாரவுக்கும் நிகழும் துப்பாக்கிச் சண்டை, கதையை நகர்த்தப் பயன்படும் பழைய உத்தி. குக்‌ஷினா என்னும் புதுமைப்பெண்ணின் சித்திரமோ வெறும் கேலி. கல்விக்கும் விடுதலைக்கும் ஏங்கிய அக்காலத்து இளம்பெண்களுக்கு அது இழைத்த அநீதி சிறிதன்று. உருசிய மூலத்தில் நாவலின் பெயர் ‘தந்தையரும் பிள்ளைகளும்’ என்றே இருக்கிறது. ஆங்கிலத்தில் பெரும்பாலும் புதல்வர் என்று மாற்றிவிட்டனர். நாம் வழங்கும் ‘தனயர்’ என்பதும் அவ்வழிப்பட்டதே. தாய்மாருக்கு எந்த மொழியின் தலைப்பிலும் இடமில்லை.

நாவல் வெளிவந்தபோது இரு தலைமுறைகளும் அதன்மேல் சினந்தன. இளைஞரின் ஏடான ‘சவ்ரெமென்னிக்’ இதழில் அந்தனோவிச் என்னும் திறனாய்வாளர், இது இளந்தலைமுறைமீது வீசப்பட்ட அவதூறு என்று எழுதினார். அப்போது 21 வயதே ஆகியிருந்த பீஸரெவ், பஸாரவில் தம் தலைமுறையின் முகத்தைக் கண்டு அவனை உவந்து வரவேற்றார். அதே 1862இல் பீட்டர்ஸ்பர்க்கில் பெருந்தீ விபத்துகள் நேர்ந்தன. ஊர் திரும்பிய துர்கனேவிடம் அறிமுகமான ஒருவர், உங்கள் நிகிலிஸ்டுகள் செய்வதைப் பாருங்கள் என்றாராம். தாம் வெறுத்தவர்கள் கைகுலுக்கினர், தாம் நேசித்த இளைஞர்கள் முகந்திருப்பிக்கொண்டனர் என்பது அவருடைய நெடுநாள் மனப்புண். கலை பற்றிய கருத்து நீங்கலாகப் பஸாரவின் நம்பிக்கைகள் ஏறக்குறைய அனைத்தும் தமக்கும் உடன்பாடே என்று 1869இல் அவர் எழுதியதை யார் நம்பினார்கள்? அவருடைய சொல்லும் நேரே போய்ச் சேரவில்லை.

பஸாரவின் சாவைப் பற்றியும் கூற வேண்டும். டைஃபஸ் காய்ச்சலில் இறந்த ஓர் உழவனின் உடலை அறுத்துப் பார்க்கையில் அவன் விரலில் கீறல் விழுகிறது. உடனே காயத்தைச் சுட்டெரிக்க வெள்ளி நைட்ரேட் வேண்டும். அங்கிருந்த மாவட்ட மருத்துவரிடம் அது இல்லை. நான்கு மணிநேரம் கழித்து வீட்டுக்கு வந்து, பழைய காலத்து மருத்துவர் என்று தான் நகைத்த தந்தையிடம் கேட்கிறான். அவரிடம் இருக்கிறது. ஆனால் காலம் கடந்துவிட்டது. அன்று நாம் இதைத் தற்செயல் என்று படித்தோம். கதாசிரியர் தம் நாயகனை என்ன செய்வதென்று தெரியாமல் கொன்றுவிட்டார் என்றும் வாதிட்டோம். அவ்வாதத்தை இன்றும் முழுவதுமாகக் கைவிட மனமில்லை. ஆயினும் தந்தையின் மருந்துப்பெட்டியில் மருந்து இருந்தது என்பதைத் தாண்டி இப்போது செல்ல இயலவில்லை.

அதற்குச் சில வாரங்களுக்கு முன்தான் அவன் இரண்டாம் முறையாக வீடு திரும்பியிருந்தான். ஆறு வாரம் தங்குவேன், வேலை செய்ய வேண்டும், தொந்தரவு செய்யாதீர்கள் என்று சொல்லிவிட்டான். தந்தை தம் படிப்பறையை ஒழித்துக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார். பிறகு ஒருநாள் வழிப்போக்கனான துணி வணிகன் ஒருவனுக்கு மகன் பல் பிடுங்கினான். எல்லாப் பல்லையும் போன்ற பல்தான் அது. தந்தை அதை அரும்பொருளாகப் பாதுகாத்து, வேரைப் பாருங்கள் என்று பாதிரியாரிடம் காட்டினார்.

தாயின் நிலை இன்னும் சிக்கலானது. மகனைச் செல்லப்பெயர் சொல்லி அழைத்துவிடுவார். அவன் திரும்பிப் பார்ப்பதற்குள், ஒன்றுமில்லை, சும்மாதான் என்று கைப்பையின் கயிற்றைத் திருகிக்கொண்டிருப்பார். பின்னர் கணவரிடம் போய், இன்றைக்கு அவனுக்கு முட்டைக்கோசு சூப் பிடிக்குமா, பீட்ரூட் சூப் பிடிக்குமா என்று கேட்பார். அவனையே கேட்டிருக்கலாமே என்பார் கணவர். தொந்தரவாக இருக்குமே என்பார் அவர். அன்று எந்தச் சூப் சமைக்கப்பட்டது என்பதைத் துர்கனேவ் எழுதவில்லை.