சிறுவர் பெயரால் எழுந்த சினம்

மாற்கு நற்செய்தியில் ஒரே கிரேக்க வினைச்சொல் மூன்று இடங்களில் வருகிறது. சிறு பிள்ளைகளைச் சீடர் தடுத்தபோது இயேசு சினமுற்றார் (10:14). யாக்கோபும் யோவானும் மேலிடம் கேட்டபோது மற்றப் பத்துப் பேரும் சினமுற்றனர் (10:41). நறுமணத் தைலம் வீணாயிற்று என்றும், அதன் விலை ஏழைகளுக்குப் பயன்பட்டிருக்கும் என்றும் சொல்லிச் சிலர் சினமுற்றனர் (14:4). முதற்சினம் தடுக்கப்பட்டவர் பொருட்டு எழுந்தது. இரண்டாவது தம் இடத்தின் பொருட்டு எழுந்தது. மூன்றாவது ஏழைகளின் பெயரைச் சொல்லி எழுந்தது. ஆனால் அங்கே ஏழைகளை எவரும் கேட்டதாக நற்செய்தியாளர் கூறவில்லை. கோவிட் பெருந்தொற்றுக் காலக் கட்டுப்பாடுகள்மேல் மக்கள் கொண்ட சினத்தை மதிப்பிட இவ்வேறுபாடு நமக்கு உதவும். அச்சினத்திலிருந்து பிறந்த இரண்டு ஆவணங்களை இங்கு ஆராய்வோம்.

முதலாவது, 2020 அக்டோபர் 4 அன்று அமெரிக்காவில் வெளியான கிரேட் பாரிங்டன் அறிக்கை. மார்ட்டின் குல்டார்ஃப், சுனேத்ரா குப்தா, ஜெய் பட்டாச்சார்யா என்னும் பேராசிரியர் மூவர் அதை வரைந்தனர். மாணவரைப் பள்ளிக்கு வெளியே நிறுத்துவது கொடிய அநீதி என்றும், ஊரடங்கின் சுமை உழைக்கும் மக்கள்மீதும் இளையோர்மீதும் மிகுதியாக விழுகிறது என்றும் அது முறையிட்டது. இடர் குறைந்தவர்கள் இயல்பாக வாழட்டும், முதியோரையும் நலிந்தோரையும் தனியே பாதுகாக்கலாம் என்பது அதன் திட்டம்.

அறிக்கையின் முறையீட்டில் உண்மை உண்டு. இந்நோயால் சிறுவர் உயிரிழக்கும் இடர் முதியோரைவிட மிகக் குறைவு என்பது அப்போதே தெரிந்திருந்தது. டென்மார்க் 2020 ஏப்ரல் நடுவிலேயே இளஞ்சிறுவர்க்குப் பள்ளிகளைத் திறந்துவிட்டது. ஆகவே பள்ளியைப் பற்றித் தனியே எண்ணி முடிவெடுக்க இடமிருந்தது. அறிக்கை அவ்விடத்தைப் பயன்படுத்தவில்லை. பள்ளியோடு உணவகம், வணிகம், கலை, விளையாட்டு ஆகிய யாவும் ஒருங்கே திறக்கப்பட வேண்டும் என்று கேட்டது. தடுப்பூசி எதுவும் இன்னும் பொதுமக்களின் கைக்கு வராத நாளில் அது இவ்வாறு கேட்டது. பல தலைமுறையினர் கூடி வாழும் இல்லங்களுக்கு வழிமுறைகள் வகுக்க இயலும் என்று குறிப்பிட்டதேயன்றி, அவ்வழிமுறைகளை எடுத்துரைக்கவில்லை. பேரனும் பாட்டியும் ஒரே அறையில் உறங்கும் வீட்டில் யாரை எங்கே தனியே பாதுகாப்பது?

பத்து நாள்களில், லான்செட் இதழில் வேறு அறிவியலாளர் பலர் ஜான் ஸ்நோ குறிப்புரை என்னும் மறுப்பை வெளியிட்டனர். அதன் பின்னர் பள்ளியைத் திறக்கக் கேட்டவரெல்லாம் ஒரு கட்சியினர், மூடக் கேட்டவரெல்லாம் மறு கட்சியினர் என்ற நிலை பரவிற்று. பிள்ளைகளின் வழக்கு பெரியோரின் வழக்கோடு பிணைக்கப்பட்டதால், ஒன்றை மறுத்தவர் மற்றொன்றையும் எளிதில் ஒதுக்கினர். சிறுவர் பெயரைச் சொன்ன அறிக்கையால் சிறுவருக்கு நேர்ந்த இழப்பு இது.

இரண்டாவது, 2021 செப்டம்பரில் இந்தியாவில் வெளியான அவசர ஆய்வறிக்கை. பொருளியல் அறிஞர் ழான் திரேஸ், ரீத்திகா கேரா முதலியோர் அதைத் தொகுத்தனர். தமிழ்நாடு உட்படப் பதினைந்து மாநிலங்களிலும் ஒன்றியப் பகுதிகளிலும், வறிய குடியிருப்புகளைச் சேர்ந்த ஏறத்தாழ 1400 பிள்ளைகளின் வீடுகளுக்கு, அவ்வாண்டு ஆகஸ்டில் தன்னார்வலர் சென்றனர். நாட்டுப்புறப் பிள்ளைகளில் 8 விழுக்காட்டினரே இணையவழியில் ஒழுங்காகப் பயின்றனர்; 37 விழுக்காட்டினர் சிறிதும் பயிலவில்லை. நாட்டுப்புறத் தலித், ஆதிவாசிப் பிள்ளைகளில் இணையவழியில் ஒழுங்காகப் பயின்றோர் 4 விழுக்காடே. எளிய வாக்கியம் ஒன்றைப் படிக்கச் சொன்னபோது, பிள்ளைகளில் ஏறக்குறையப் பாதிப்பேர் சில சொற்களுக்கு மேல் படிக்க இயலாதிருந்தனர். பள்ளிகளை விரைவில் திறக்க வேண்டும் என்று பெற்றோரில் பெரும்பாலோர் விரும்பினர்.

இவ்வறிக்கைக்கும் குறைகள் உள. வறிய குடியிருப்புகளையே தெரிந்தெடுத்ததால், இவ்வெண்களை நாடு முழுமைக்கும் பொருத்தலாகாது. இரண்டாம் அலை தணிந்த பின் எடுக்கப்பட்டதால், மருத்துவமனைகளில் ஆக்சிஜனுக்கு மக்கள் தவித்த 2021 ஏப்ரல், மே மாதங்களில் என்ன செய்திருக்கலாம் என்பதற்கு இதில் விடையில்லை. எனினும், யார் பெயரால் பேசுகிறதோ அவர்கள் வாசலுக்கே சென்று, பெற்றோரைக் கேட்டு, பிள்ளையின் கையில் ஒரு தாளைக் கொடுத்துப் படிக்கச் சொன்ன பின்னரே அது சினந்தது. முதல் அறிக்கையில் இல்லாத ஒழுக்கம் இது.

இனி நம் மாநிலத்தின் நாள்வரிசையை நோக்குவோம். தமிழ்நாட்டில் மதுக்கடைகள் 2020 மே 7 அன்று திறக்கப்பட்டன. நீதிமன்றத் தடைக்குப் பின் அதே மாதத்தில் மீண்டும் திறந்தன. வழிபாட்டிடங்கள் 2020 செப்டம்பரில் திறந்தன. தொடக்கப் பள்ளிகளின் கதவு 2021 நவம்பர் முதல் நாளிலேயே திறந்தது. இழந்த கல்வியை ஈடுசெய்ய அரசு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டமும் அதற்குச் சில நாள்கள் முன்னரே வந்தது. பத்தொன்பது மாதங்கள் ஒரு குழந்தைக்கு எழுத்தறியும் பருவமே ஆகும். தினக்கூலிக்குச் சென்ற பெற்றோருக்கு மனு எழுதவோ அணிதிரளவோ வாய்ப்பில்லை. அவர்களது சினம் வீட்டுக்குள்ளேயே தங்கிவிட்டது.

திருச்சபைக்கு இதில் நேரடிப் பொறுப்பு உண்டு. இம்மாநிலத்தில் எத்தனையோ தொடக்கப் பள்ளிகளை நாமே நடத்துகிறோம். அந்நாள்களின் சபைக் குழுக் குறிப்பேடுகளை ஆயர்கள் எடுத்துப் பார்ப்பது நலம். ஆலயம் திறப்பதைப் பற்றி எத்தனை தீர்மானங்கள், பள்ளி திறப்பதைப் பற்றி எத்தனை என்று எண்ணினால், நம் சினம் மாற்கு காட்டும் மூன்றில் எவ்வகையைச் சார்ந்தது என்பது விளங்கும். அவசரகாலத்தில் அரசின் கட்டுப்பாடுகளுக்குச் சபை இணங்கியது தவறன்று. பெரியோரின் கதவுகள் ஒவ்வொன்றாய்த் திறந்தபோது, பிள்ளைகளின் கதவு ஏன் இறுதியில் திறக்கிறது என்று கேட்டோமா என்பதே வினா.

அன்று முதல் வகுப்பில் சேர்ந்தவர்கள் இன்று தொடக்கப் பள்ளியைக் கடந்துவிட்டனர். தடையின்றிப் படிக்க இயலாதவர் அவர்களில் நம் சபைகளிலும் இருப்பர். ஓய்வுநாள் பள்ளியில் திருமறைப் பகுதியை வாசிக்கச் சொல்லும்போது எந்தப் பிள்ளை தலைகுனிகிறது என்பதை ஆசிரியர் அறிவார். மாலையில் ஒரு மணி நேரம் அப்பிள்ளைக்கு எழுத்துக் கற்பிக்க ஆலயக் கூடம் போதும். மாற்கு பத்தாம் அதிகாரத்தைத் திருமுழுக்கு நாளில் மட்டும் வாசிக்கும் நாம், அங்கே ஆண்டவர் சினமுற்றார் என்பதையும் சேர்த்து வாசித்தல் வேண்டும்.