பின் கேரியரில் படித்த பாடம்

மலர்க்குழுச் செயலாளர் மூன்று முறை வீடு தேடி வந்துவிட்டார். அவருடைய பாட்டனார் காலத்திலிருந்தே நம் சங்கத்துக்குக் கடன்பட்டவன் நான், தட்ட முடியவில்லை. சீஷத்துவம் என்று தலைப்பையும் அவரே தந்தார். சீஷர்களை வளர்த்த பரம்பரைகளை உறுப்பினர்கள் அறிவார்கள், வரிசையை மட்டும் நினைவூட்டுகிறேன்.

தரங்கம்பாடி மிஷனார் வினாவிடைக்காரர்கள்; பதில் ஒரு சொல் பிசகக்கூடாது. 1733இல் குருப்பட்டம் பெற்ற ஆரோன் ஐயரும் அதற்குமுன் உபதேசியாராக உழைத்தவர்தான். தஞ்சையார் வழி வேறு. அங்கே கூடவே வைத்து வளர்ப்பார்கள். பாளையங்கோட்டையில் பிறந்த வேதநாயகத்தைப் பன்னிரண்டு வயதில் சுவார்ட்ஸ் ஐயர் தம்மோடு அழைத்துப் போகாவிட்டால் நமக்குச் சாஸ்திரியார் ஏது? 1790இல் பட்டம் பெற்ற சத்தியநாதன் ஐயரும் சுவார்ட்ஸ் நிழலில் வளர்ந்தவரே. நெல்லைக்கு வந்து படர்ந்தது அந்தக் கொடிதான். 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த ரேனியுஸ் ஐயர் உபதேசிமாரைப் பயிற்றுவிப்பதையே பெரிய வேலையாக எடுத்துக்கொண்டார். வெள்ளாளன்விளை அசரியா பேராயர் தோர்ணக்கலில் ஒருபடி மேலே போனார்: ஞானஸ்நானம் பெற்றவர் தம் தலையில் தாமே கைவைத்து, சுவிசேஷம் சொல்லாதிருந்தால் தமக்கு ஐயோ என்று அறிக்கையிட வேண்டும். 1921இல் தொடங்கிய திருப்பத்தூர் கிறிஸ்துகுல ஆசிரமத்தைப் பற்றி வேறொருவர் எழுதுவதாகக் கேள்வி. அவர் வயலில் நான் இறங்கவில்லை.

என் பள்ளி எங்கள் உபதேசியாரின் சைக்கிள் கேரியர். திடப்படுத்தலுக்கு முந்திய ஒரு வருஷம் சனிக்கிழமைதோறும் அதில்தான் உட்கார்ந்தேன். பக்கத்துக் குடியிருப்புகளுக்குப் போவோம். ஆலயக் காணிக்கையாகக் கைப்பிடி அரிசி வாங்கும்போது எந்த வீட்டில் இந்த வாரம் உலை வைக்கவில்லை என்று அவருக்குத் தெரிந்துவிடும். அந்த வீட்டில் பையை நீட்டமாட்டார். சொல்லித் தரவும் மாட்டார், நானே கவனித்தேன்.

ஒருநாள் படுக்கையாய்க் கிடந்த ஆச்சி ஒருத்திக்காக என்னை ஜெபிக்கச் சொன்னார். ஆதியாகமத்தில் தொடங்கி வெளிப்படுத்தல் வரை ஓட்டினேன். அவர் ‘ஆமென்’ சொன்னதோடு சரி. திரும்பும் வழியில் ஓடைப் பாலம் தாண்டியபின் கேட்டார்: “ஏல, ஆச்சி கஞ்சி குடிச்சாளான்னு கேட்டியா?” சைக்கிளைத் திருப்பினார். ஐயரம்மா வீட்டில் கஞ்சி வாங்கித் தூக்குவாளியில் நான் ஏந்திக்கொள்ள, மறுபடி மிதித்தார். அன்று மாலை வசனம் எதுவும் ஒப்புவிக்கச் சொல்லவில்லை.

இக்காலத்து ஊழியர்களைக் குறைசொல்ல எனக்கு வயதும் இல்லை, மனமும் இல்லை. நல்லவர்கள் நிறையப் பேர். ஆனாலும் ஒரு வருஷம் நடந்த திடப்படுத்தல் வகுப்பு ஆறு வாரமாகி, ஆறு மூன்றாகி, இப்போது சில இடங்களில் வினாவிடைத் தாளை வாட்ஸாப்பில் அனுப்பிவிடுகிறார்கள். பிள்ளையின் பெயரை ஊழியர் அறிந்துகொள்வது பிளெக்ஸ் போர்டில் படித்துத்தான். போர்டில் பிள்ளையைவிட அவர் படம் பெரிது. ஆராதனை முடிந்ததும் கேக், கேக் வெட்டும்போது கீபோர்டு, கீபோர்டுக்கு ஜெனரேட்டர். ஜெனரேட்டர் சத்தத்தில் பேராயர் தலையில் கைவைத்துச் சொன்ன ஜெபம் பிள்ளை காதில் விழுந்திருக்குமா? டீசல் செலவில் ஒரு உபதேசியாருக்குச் சைக்கிள் வாங்கலாம். கேட்டால், உபதேசியாரே இல்லையே என்கிறார்கள். எப்படி இருப்பார்? யார் பின்னால் யார் உட்கார்ந்தார்கள்? பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியதில் நாலு தலைமுறை இருக்கிறது. நம்மிடம் ஒன்றரை கூடத் தேறாது. யாரையும் குறித்துச் சொல்லவில்லை.

எங்கள் உபதேசியாருடைய சைக்கிள் ஆலயத்துக்குப் பின்புறம் பந்தல் சாமான்களுக்கு அடியில் கிடக்கிறது. டயர் இல்லை, கேரியர் மட்டும் உறுதியாக இருக்கிறது. என் செலவில் சரிபார்த்துத் தருகிறேன் என்று கமிட்டிக்கு இரண்டு கடிதம் கொடுத்துவிட்டேன். மூன்றாவதை இந்த மலர் வழியாகக் கொடுக்கிறேன். செயலாளர் கோபித்துக்கொள்ளமாட்டார் என்று நினைக்கிறேன்.